கூம்பு செய்யத் தகட்டில் எப்படி வரைவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் ஷீட் வேலை செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஹாப்பர், சிம்னி மூடி, தோல் தொழிற்சாலைக்கான தூசிக் குழாய் என்று ஏதாவது ஒரு உருவத்தில் கூம்பு வந்துகொண்டே இருக்கும். ஆனால் தகட்டின் மேல் மார்க்கிங் போட உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் சந்தேகம் வருகிறது. ஐ.டி.ஐ. பையன்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு தையல்காரர் உட்பட என்னிடம் கேட்டவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

அளவெல்லாம் மில்லிமீட்டர். பெரும்பாலும் ஒரே கூம்பையே எடுத்துக்கொள்கிறேன்: வாய் விட்டம் 300, உயரம் 200. இதை "நம்ம கூம்பு" என்று சொன்னால் புரிந்துகொள்ளுங்கள்.

கூம்பைப் பக்கத்துல இருந்து பார்த்தா முக்கோணம்தானே? அப்போ முக்கோணமா வெட்டிச் சுருட்டினா வந்துடாதா?

வராது. கூம்பின் நுனியில் நூலை வைத்து வாய் விளிம்பு வரை அளந்து பாருங்கள், விளிம்பில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே நீளம்தான் வரும். ஒரு புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்தால் அது வட்டத்தின் ஒரு துண்டு, நேர்கோடு இல்லை. முக்கோணத்தில் அடிக்கோட்டின் நடுப்பகுதி நுனிக்குக் கிட்டே இருக்கும், இரண்டு மூலையும் தள்ளி இருக்கும். சுருட்டினால் அந்த இரண்டு மூலையும் சேரும் இடத்தில் கொக்கு மூக்கு மாதிரி கீழே தொங்கும், வாய் தரையில் சமமாக உட்காராது. நம்பிக்கை இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளில் ஒன்று வெட்டிப் பாருங்கள், தகடு வீணாகாது.

கடலைப் பொட்டலம் மட்டும் சதுரப் பேப்பர்லயே வருதே அண்ணா?

நல்ல கேள்வி. கோட்டை மைதானத்தில் வாங்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் தாள் ஒரு சுற்றுக்கு மேலேயே சுற்றியிருக்கும், மேல் விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும், அதை உள்ளே மடித்துவிட்டார்கள். மெஹந்தி கோனும் அப்படித்தான். விளிம்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று அடுக்கு இருந்தாலும் பரவாயில்லை என்றால் எந்தத் தாளிலும் கூம்பு வரும். ஒரே அடுக்கு, சமமான வாய் என்று கேட்கும்போதுதான் இந்தக் கணக்கெல்லாம்.

என்னென்ன அளவு தெரியணும்? கோணம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தகட்டின் மேல் ஊர்ந்து போகிற இரண்டு நீளம் போதும். ஒன்று நுனியிலிருந்து விளிம்பு வரை உள்ள சாய்வு நீளம், பள்ளிப் புத்தகத்தில் சாயுயரம். இன்னொன்று வாயின் சுற்றளவு. சாய்வு நீளம் காம்பஸ் ஆரமாகிவிடும், சுற்றளவு அந்த வளைவில் எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடும். கோணம் இந்த இரண்டிலிருந்தும் தானாக விழுவது.

நம்ம கூம்பில் வாயின் ஆரம் 150, உயரம் 200. பிதாகரஸ் போட்டால் 150-இன் வர்க்கம் 22500, 200-இன் வர்க்கம் 40000, கூட்டினால் 62500, அதன் வர்க்கமூலம் 250. இதுதான் சாய்வு நீளம். கோணத்துக்கு வாய் ஆரத்தைச் சாய்வு நீளத்தால் வகுத்து 360-ஆல் பெருக்க வேண்டும்: 150 ÷ 250 × 360 = 216 டிகிரி. ஆக 250 ஆரத்தில் முழு வட்டம் போட்டு, 216 டிகிரியை வைத்துக்கொண்டு 144 டிகிரி துண்டை வெட்டி எறிந்தால் முடிந்தது.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. வாயின் சுற்றளவு 3.1416 × 300, அதாவது 942.5. வெட்டுவதற்கு முன் வளைவின் மேல் டேப்பை வளைத்துப் பிடியுங்கள், 942 சொச்சம் காட்டினால் தைரியமாகக் கத்தரியை எடுக்கலாம். எனக்குக் கோணமானியைவிட இந்த டேப் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன், ஆனா கூம்பு குள்ளமா வருது. இன்னா தப்பு?

அநேகமாக உயரத்தையே காம்பஸில் வைத்திருப்பீர்கள். வரைபடத்தில் 200 என்று பெரிதாக எழுதியிருக்கும், கை தானாக அதையே எடுக்கும். 200 ஆரத்தில் வளைவு போட்டு, சுற்றளவு மட்டும் சரியாக 942.5 வைத்தால் வாய் 300-தான் வரும், ஆனால் உயரம் 132-க்குச் சுருங்கிவிடும், ஏனென்றால் நீங்கள் வைத்த 200 இப்போது சாய்வு நீளமாகிவிட்டது. அந்த 200 கூம்பின் உள்ளே காற்றில் நிற்கும் அளவு, தகட்டில் எங்கேயும் அப்படி ஒரு கோடு கிடையாது.

60 டிகிரி கூம்பு வேணும்னாங்க. 60 டிகிரி துண்டு வெட்டினேன், ஊசி மாதிரி ஆகிடுச்சு.

அவர்கள் சொன்ன 60 நுனியின் கோணம், அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் கோணம். நீங்கள் வெட்டியது விரித்த துண்டின் கோணம். இரண்டும் வேறு. 60 டிகிரி துண்டைச் சுருட்டினால் நுனிக்கோணம் 19 டிகிரி அளவுக்குத்தான் வரும், ஊசி மாதிரிதான் இருக்கும்.

நுனிக்கோணம் கொடுத்தால் அதில் பாதியின் சைன் மதிப்பை 360-ஆல் பெருக்குங்கள். 60-இல் பாதி 30, அதன் சைன் 0.5, ஆக 180 டிகிரி. அரைவட்டத்தைச் சுருட்டினால் எப்போதும் 60 டிகிரி நுனிதான், வாய் விட்டமும் சாய்வு நீளமும் சமமாக இருக்கும். 90 டிகிரி நுனிக்கு 254.6 டிகிரி துண்டு வேண்டும்.

கோணமானி சின்னதா இருக்கு, பெரிய ஷீட்ல 216 எப்படி வைக்கிறது?

வைக்காதீர்கள். பள்ளி ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானியில் அரை டிகிரி தவறினாலும் 250 ஆரத்தில் 2 மி.மீ. போய்விடும், ஆரம் பெரிதாக ஆக ஆக இன்னும் மோசம். வெட்டி எறியும் 144 டிகிரியின் இரு முனைகளுக்கு நடுவே நேர்த்தூரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அளவுகோலால் வைப்பது நல்லது: ஆரத்தின் இரு மடங்கு பெருக்கல் பாதிக் கோணத்தின் சைன். 500 × சைன் 72 = 475.5. வட்டத்தில் ஒரு புள்ளி குறித்து, அங்கிருந்து 475.5 தூரத்தில் வட்டத்தை வெட்டுகிற இடத்தில் இன்னொன்று குறித்து, இரண்டையும் மையத்தோடு சேர்த்துவிடுங்கள். அப்புறம் மேலே சொன்ன டேப் சோதனை.

எங்க மேஸ்திரி வாய் வட்டத்தை 12 பாகமாப் பிரிச்சு டிவைடர்ல 12 தடவை எண்ணி வைப்பார். அது சரியா?

கணக்குப் போடாமல் வேலை முடிகிற பழைய முறை, கடுதாசியிலும் சின்னப் புனலிலும் பிரச்சினை இல்லை. ஆனால் டிவைடர் எடுப்பது வளைவின் நீளத்தை இல்லை, இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள நேர்த்தூரத்தை. நம்ம கூம்பில் ஒரு பாகத்தின் வளைவு 78.5, டிவைடரில் கிடைப்பது 77.6. இதை 250 ஆர வளைவில் 12 தடவை வைத்தால் 216-க்குப் பதிலாக 214.4 டிகிரிதான் வரும். சுற்றளவில் சுமார் 7 மி.மீ. குறைவு, விட்டத்தில் 2 மி.மீ.க்கு மேல். பைப்பில் மாட்ட வேண்டிய கூம்பு என்றால் அந்த இரண்டு மில்லி போதும், சண்டை வர.

மேஸ்திரி அனுபவத்தில் கடைசிப் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைப்பார், கவனித்துப் பாருங்கள். நீங்கள் 24 பாகமாகப் பிரித்தால் தவறு கால்வாசியாகக் குறைந்துவிடும், இல்லாவிட்டால் டேப்பால் சுற்றளவை நேராக அளந்து வைத்துவிடுங்கள்.

சேர்க்கைக்கு, அதான் ரெண்டு ஓரமும் சேர்ற இடத்துக்கு, 10 மில்லி விடணும். கோணத்தை 2, 3 டிகிரி கூட்டிட்டா போதுமா?

போதாது. கோணத்தைக் கூட்டினால் விளிம்பில் 10 கிடைக்கும், நடுவில் 5, நுனியில் ஒன்றுமே இருக்காது. வாய்ப் பக்கம் ரிவெட் நிற்கும், நுனிப் பக்கம் ஒழுகும். சரியான கோணத்தில் கோடு போட்டு, அதற்கு வெளியே இணையாக 10 தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். கூடுதல் பட்டை முழு நீளத்துக்கும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும், உள்கோட்டை அழிக்கக் கூடாது, தகடு மேல் தகடு ஏறும்போது அதுவரைதான் வர வேண்டும்.

ஈயப் பற்று, ரிவெட், ஸ்பாட் வெல்டிங் எல்லாவற்றுக்கும் இது ஒரு பக்கம் மட்டும். இரண்டு விளிம்பையும் கொக்கியாக மடித்து ஒன்றில் ஒன்று மாட்டித் தட்டுவதாக இருந்தால் மடிப்பு அகலத்தைப் போல மொத்தம் மூன்று பங்கு வேண்டும். வாயில் கம்பி சுற்றி உருட்டுவதற்குக் கம்பி விட்டத்தில் இரண்டரை மடங்கு வெளியே விடுவது வழக்கம். இரண்டு விளிம்பையும் ஒன்றோடொன்று முட்டவைத்துப் பற்றவைக்கும் முட்டு வெல்டிங் என்றால் எதுவும் விட வேண்டாம்.

இன்னொன்று, நுனியைப் பூஜ்யம் வரை கொண்டுபோகாதீர்கள். அந்த இடத்தில் தகடு வளையாது, கிழியும். 3, 4 மி.மீ. ஓட்டை விட்டு, தேவைப்பட்டால் வெல்டிங் பொட்டு வைத்து அடைத்துவிடலாம்.

தகட்டோட கனத்தைக் கழிக்கணுமா?

முக்கால் மில்லி ஷீட்டில் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். 3, 5, 6 மில்லி தகடு என்றால் கட்டாயம். வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் நெரியும், நடுவில் உள்ள அடுக்குதான் ஏறக்குறைய மாறாமல் இருக்கும், அதனால் கணக்கை நடு அடுக்குக்குப் போட வேண்டும்.

நேர் பைப் என்றால் வெளிவிட்டம் 300, கனம் 5, நடுவிட்டம் 295 என்று முடித்துவிடலாம். கூம்பில் தகடு சாய்ந்து நிற்பதால் முழு 5 கழியாது: கனத்தை உயரத்தால் பெருக்கிச் சாய்வு நீளத்தால் வகுக்க வேண்டும், 5 × 200 ÷ 250 = 4. ஆக 296. சுற்றளவு 942.5 இல்லை, 929.9. கழிக்காமல் விட்டால் 12 மி.மீ.க்கு மேல் வித்தியாசம், அதைக் கொட்டாப்புளியால் அடித்துச் சரிசெய்ய முடியாது. அதனால் படம் கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உள்விட்டமா, வெளிவிட்டமா?

நுனி இல்லாத கூம்பு, அதாங்க புனல் மாதிரி ரெண்டு பக்கமும் ஓட்டை. அதுக்கு வேற ஃபார்முலாவா?

அதே கூம்புதான், நுனியை மட்டும் கற்பனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இதை இடைக்கண்டம் என்பார்கள். பெரிய வாய் 300, சின்ன வாய் 120, நடுவில் உயரம் 120 என்று வைப்போம். முழு உயரம் = உயரம் × பெரிய விட்டம் ÷ விட்டங்களின் வித்தியாசம் = 120 × 300 ÷ 180 = 200. அட, நம்ம கூம்பேதான். சாய்வு நீளம் 250, கோணம் 216. சின்ன வளைவின் ஆரம் 250 × 120 ÷ 300 = 100. ஒரே மையத்தில் 250, 100 என்று இரண்டு வளைவு, ஒரே கோணம், அவ்வளவுதான்.

இதில் நிறையப் பேர் சின்ன வாயின் ஆரமான 60-ஐயே காம்பஸில் வைத்துவிடுவார்கள். மேலே குள்ளக் கூம்புக்குச் சொன்ன அதே குழப்பம்: 60 காற்றில் இருக்கும் அளவு, 100 தகட்டில் இருக்கும் அளவு.

தோல் பஃபிங் மெஷின் தூசிக்கு சைக்ளோன் அடிக்கணும். மேல 600, கீழ 150, உயரம் 900. ஒரே ஷீட்ல அடங்குமா?

அடங்கும். சைக்ளோன் என்பது காற்றைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் கருவி, அதன் கீழ்ப்பகுதி நுனி இல்லாத கூம்பு. முழு உயரம் 900 × 600 ÷ 450 = 1200. சாய்வு நீளம் 1236.9, உள் ஆரம் 309.2, கோணம் 87.3. வளைவின் இரு முனைக்கும் நடுவே நேர்த்தூரம் சுமார் 1708, துண்டின் மொத்த உயரம் சுமார் 1013. எட்டுக்கு நாலு ஷீட் என்பது 2440-க்கு 1220, நீளவாக்கில் போட்டால் சேர்க்கைப் பட்டையோடு தாராளமாக உட்காரும்.

ஆனால் காம்பஸின் மையம் ஷீட்டுக்கு வெளியே விழும். ஷீட்டை ஒட்டித் தரையில் அதே கனத்தில் ஒரு துண்டுத் தகட்டை வைத்து, அதில் பஞ்ச் அடித்து, கம்பி அல்லது மரச்சட்டத்தில் ஆணி வைத்துச் சுற்றுங்கள். கயிறு வேண்டாம், கயிறு நீளும். சைக்ளோனில் சேர்க்கை உட்பக்கம் துருத்திக்கொண்டு இருந்தால் சுழன்று வரும் தூசி அங்கே மோதிப் படியும், அதனால் முட்டு வெல்டிங் போட்டு உள்ளே தேய்த்துவிடுவது நல்லது.

மேல 300, கீழ 280, உயரம் 400. கணக்குல ஆரம் 6 மீட்டர் வருது! எங்க போய் நின்னு வட்டம் போடறது?

கணக்கு சரிதான்: முழு உயரம் 6000, ஆரம் 6002, கோணம் 9 டிகிரிக்கு ஒரு துளி குறைவு. கிட்டத்தட்ட பைப், அதனால் வளைவும் கிட்டத்தட்ட நேர்கோடு. "அப்போ நேராகவே வெட்டிவிடலாமே" என்று தோன்றும். வெட்டினால் வாய் 18 மி.மீ. சாயும்.

மையத்தை மறந்துவிட்டு மூன்று புள்ளி முறைக்கு வாருங்கள். நடுக்கோடு ஒன்று போட்டு அதில் 400.1 இடைவெளியில் இரண்டு புள்ளி, இவை இரண்டு வளைவுகளின் நடு. பெரிய பக்கப் புள்ளியிலிருந்து சின்னப் பக்கத்தை நோக்கி 18.5 நகர்ந்து செங்குத்துக் கோடு போட்டு இரு பக்கமும் 470.7 வையுங்கள். சின்னப் பக்கப் புள்ளியிலிருந்து அதே திசையில், அதாவது துண்டுக்கு வெளியே, 17.3 நகர்ந்து இரு பக்கமும் 439.3. இப்போது ஒவ்வொரு விளிம்புக்கும் மூன்று புள்ளி இருக்கிறது. மெல்லிய ஸ்டீல் ஸ்கேலையோ மூங்கில் பட்டையையோ மூன்று புள்ளியையும் தொடும்படி வளைத்துப் பிடித்து, இன்னொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். ஓரத்தில் இரு முனைகளையும் சேர்த்தால் அந்தக் கோடும் 400.1 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் எங்கேயோ இடறியிருக்கிறது.

நான் டைலர். அம்பர்லா பாவாடைக்கும் இதுதானா?

இதேதான், தகட்டுக்குப் பதில் துணி. இடுப்பு 28 அங்குலம், அரை வட்டப் பாவாடை என்றால் உள் ஆரம் 28 ÷ 3.1416 = 8.9 அங்குலம், முழு வட்டம் என்றால் அதில் பாதி. பாவாடை நீளத்தை அந்த ஆரத்தோடு கூட்டி வெளி வளைவு. தையலுக்கு விடுவது மேலே சொன்ன பட்டைக் கதைதான். ஒரு வித்தியாசம், துணி குறுக்கில் இழுபடும், தைத்ததும் ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பிறகு அடி வெட்டுவதை நீங்களே எனக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஒரு ஷீட்ல எத்தனை கூம்பு வரும்? எவ்வளவு எடை?

நம்ம கூம்பின் துண்டு 500-க்கு 328 செவ்வகத்தில் அடங்கும். 500-ஐ ஷீட்டின் அகலத்தில் போட்டால் இரண்டு, நீளத்தில் ஏழு, மொத்தம் 14. திருப்பிப் போட்டால் 12-தான். பரப்பு 3.1416 × 150 × 250, அதாவது 0.118 சதுர மீட்டர். 1 மில்லி இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, ஆக ஒரு கூம்பு 920 கிராம் சுமார். விலை சொல்லும்போது இந்த 920-க்குச் சொல்லாதீர்கள், செவ்வகத்துக்குச் சொல்லுங்கள், கால்வாசிக்கு மேல் கழிவாகப் போகிறது.

மொபைல் ஆப்ல போட்டா நொடியில வருதே, இதையெல்லாம் ஏன் கத்துக்கணும்?

ஆப்பையே பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். அது கேட்கும் உயரம் நேர் உயரமா சாய்வா, விட்டம் உள்ளா வெளியா நடுவா என்று மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள். புதிய ஆப் என்றால் முதலில் 300, 200 போட்டுப் பாருங்கள், 250-உம் 216-உம் வருகிறதா என்று.

நுனி நடுவுல இல்லாம ஒரு ஓரத்துக்கு மேல நிக்கிற கூம்பு இருக்கே, அதுக்கு?

இங்கே முதல் கேள்வியின் பதிலே உடைந்துவிடுகிறது. நுனியிலிருந்து விளிம்புக்கு இப்போது ஒரே தூரம் இல்லை, அதனால் காம்பஸ் வேலைக்கு ஆகாது. வாயை 12 பாகமாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக உண்மை நீளம் கண்டுபிடிக்க வேண்டும்: நுனிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து அந்தப் புள்ளி வரை தரையில் உள்ள தூரம், உயரம், இரண்டுக்கும் பிதாகரஸ். 300 வாய், 200 உயரம், நுனி சரியாக விளிம்புக்கு மேலே என்றால் நீளங்கள் வரிசையாக 200, 214.5, 250, 291.5, 327.9, 352.1, 360.6. மறுபாதி இதே வரிசை திரும்பி.

நடுவில் 360.6 கோட்டைப் போடுங்கள். அதன் அடிமுனையிலிருந்து 78.5 வளைவு, நுனியிலிருந்து 352.1 வளைவு, இரண்டும் வெட்டும் இடம் அடுத்த புள்ளி. இப்படியே இரு பக்கமும் முக்கோணம் முக்கோணமாக 200 வரை போய், புள்ளிகளை உடையாத வளைவாகச் சேருங்கள். 77.6 வைக்காமல் 78.5 வைப்பது ஏன் என்று டிவைடர் கேள்வியில் இருக்கிறது. சேர்க்கை 200 கோட்டில் விழுவதால் வெல்டிங்கும் குறைவு. சேர்க்கையை வேறு இடத்தில் வைக்கச் சொன்னால் மட்டும், கோடு போட்ட பக்கம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்து தகட்டில் எழுதிவிடுங்கள். மாற்றிச் சுருட்டினால் கண்ணாடியில் பார்த்த கூம்பு கிடைக்கும், பைப் ஒரு பக்கம் இருக்கும், வாய் இன்னொரு பக்கம் பார்க்கும்.